மரணத்தைப் பாடிய மக்கள்: அமெரிக்க அடிமைகளின் ஞானப்பாடல்களுக்குப் பொருள் காணல்

திருச்சபை பாடும் பாடல்களுள் மரணத்தைப் பற்றியவை தனியிடம் பெற்றவை. அடக்க ஆராதனைகளில் அவற்றைப் பாடுகிறோம். அவற்றால் ஆறுதல் அடைகிறோம். ஆயினும் அவற்றின் பொருள் யாது என்று நாம் நின்று கேட்பது அரிது. அவ்வாறு கேட்பவர்களோ பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டுடனேயே வருகின்றனர். பரலோகத்தைப் பாடும் பாடல் பூலோகத்தின் அநீதியை மறைக்கிறது. இம்மையில் பசித்திருப்பவனுக்கு மறுமையில் விருந்து உண்டென்று சொல்லி அவனை வாய்மூடி இருக்கச் செய்கிறது என்பதே அக்குற்றச்சாட்டு. இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. திருச்சபை வரலாற்றில் இது உண்மையாய் இருந்த காலங்களும் உண்டு.

இக்குற்றச்சாட்டு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாமற் போகும் என்பதை அறிய, மரணத்தை மிகுதியாகப் பாடிய ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பின மக்களே அவர்கள். அவர்கள் பாடியவை ஆங்கிலத்தில் 'ஸ்பிரிச்சுவல்ஸ்' என வழங்குகின்றன. இப்பெயர் எபேசியர் 5:19, கொலோசெயர் 3:16 ஆகிய பகுதிகளில் பவுலடியார் குறிப்பிடும் மூவகைப் பாடல்களுள் இறுதியானதன் பெயரோடு ஒத்தது. நம் திருமறை அதனை ஞானப்பாட்டு என்று மொழிகிறது. எனவே நாமும் அவற்றை ஞானப்பாடல்கள் என்றே அழைப்போம். யோர்தானைக் கடத்தல், இரதம் வந்து அழைத்துச் செல்லுதல், தாயையும் உடன்பிறந்தாரையும் மறுகரையில் சந்தித்தல், எக்காள முழக்கம் ஆகியவை இப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகள். இவை யாவும் மரணத்தைச் சுட்டுவன. அம்மக்கள் மரணத்தைப் பாடியபோது எதைக் கருதிப் பாடினர் என்பதே நம் வினா.

பாடல்களும் தொகுத்தோரும்

1619ஆம் ஆண்டில் ஏறத்தாழ இருபது ஆப்பிரிக்கர் வர்ஜீனியாக் குடியேற்றத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1860ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் அடிமைகளாயிருந்தோர் தொகை 39 லட்சத்துக்கும் மேல். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றமாக இருந்தது. ஆகவே ஞானப்பாடல்கள் ஏட்டில் பிறந்தவை அல்ல. வயலிலும் இரவுக் கூட்டங்களிலும் கல்லறை ஓரத்திலும் ஒருவர் முன்பாட மற்றவர் பின்பாட வளர்ந்தவை. பெரும்பாலானவற்றை இயற்றியவர் யார் என்று அறிய வழியில்லை.

உள்நாட்டுப் போரின்போது, 1861ஆம் ஆண்டின் இறுதியில், வடபுலப் படைகள் தென் கரோலினாவின் கடலோரத் தீவுகளைக் கைப்பற்றின. அங்கே விடுதலை பெற்ற மக்களிடையே பணியாற்றச் சென்ற ஆசிரியரும் ஊழியரும் அவர்கள் பாடியவற்றை எழுதிக்கொள்ளத் தொடங்கினர். வில்லியம் ஆலன், சார்லஸ் வேர், லூசி மெக்கிம் காரிசன் ஆகிய மூவரும் சேர்ந்து 1867இல் 136 பாடல்கள் கொண்ட முதல் பெருந்தொகுப்பை வெளியிட்டனர். கறுப்பினப் போர்வீரர் படையொன்றின் தளபதியாயிருந்த தாமஸ் வென்ட்வொர்த் ஹிகின்சன், தம் வீரர்கள் பாசறையில் பாடியவற்றைப் பற்றி அதே ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். 1871இல் நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் கல்விநிலையத்தின் மாணவர் ஒன்பதின்மர், கடனில் மூழ்கியிருந்த தம் கல்விச்சாலைக்காக நிதி திரட்டப் புறப்பட்டனர். யூபிலிப் பாடகர் எனப் பெயர் பெற்ற இவர்கள் வாயிலாகவே உலகம் இப்பாடல்களைக் கேட்டது.

இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். ஃபிஸ்க் மாணவர்கள் தொடக்கத்தில் இப்பாடல்களை அந்நியர் முன் பாட மனமற்றிருந்தனர். அவை தம் பெற்றோர் இறைவனிடம் பாடியவை. அடிமைத்தனத்தின் நினைவோடு பிணைந்தவை. மேடையில் பாடுவதற்குரியவை என அவர்கள் எண்ணவில்லை. ஆகவே நம் கைக்கு எட்டியுள்ள பாடல்கள், பாடியவர்கள் பிறருக்குத் தர இசைந்தவை மட்டுமே. பாடலைத் தந்தவர்கள் அதன் பொருளையும் முழுமையாகத் தந்தனர் என்று நாம் கொள்ளலாகாது.

அடிமை வாழ்வில் மரணம்

பாடலின் பொருளை அறியுமுன் பாடியவர்கள் வாழ்வில் மரணம் எவ்வாறு நிகழ்ந்தது என்று அறிதல் இன்றியமையாதது. சட்டத்தின் பார்வையில் அடிமை ஓர் உடைமை. அவனை உடையவனை நம் வழக்கில் ஆண்டை எனலாம். ஆண்டை இறந்தால் அவனுடைய நிலமும் மாடும் மதிப்பிடப்படுவது போல அடிமைகளும் மதிப்பிடப்பட்டு வாரிசுகளுக்குப் பங்கிடப்படுவர். 1826இல் தம் ஆண்டை இறந்தபின் சிறுவனாய் இருந்த தாம் அவ்வாறு மதிப்பிடப்பட வரவழைக்கப்பட்டதை ஃபிரடெரிக் டக்ளஸ் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். குதிரைகளும் மனிதரும், கால்நடைகளும் பெண்களும், பன்றிகளும் குழந்தைகளும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அடிமைக் குடும்பம் பிரிவதற்குத் தன் வீட்டில் மரணம் நேர வேண்டியதில்லை. ஆண்டையின் வீட்டில் நேர்ந்தாலே போதும்.

1808இல் வெளிநாட்டினின்று அடிமைகளை இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. அதன்பின் உள்நாட்டு வாணிபம் பெருகிற்று. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து தெற்கேயுள்ள பருத்தி நிலங்களுக்கு உள்நாட்டுப் போர் தொடங்குமுன் கொண்டு செல்லப்பட்டோர் ஏறத்தாழ 10 லட்சம் பேர். தெற்கே விற்கப்பட்ட மகனைத் தாய் மீண்டும் காண்பது அரிது. அவன் உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது. இவ்வகையில் விற்பனையும் மரணமும் ஒன்றுபோலாயின.

அடக்கமும் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அடிமைகள் விருந்து, அடக்கம் என்ற பெயரில் ஒன்றுகூடுவது ஆபத்தானது என்று 1680ஆம் ஆண்டின் வர்ஜீனியாச் சட்டமே கருதியது. நியூயார்க் நகரில் 1722இல் அடிமைகளின் அடக்கம் பகலிலேயே நடைபெற வேண்டும் என்றும், 1731இல் அதில் பன்னிருவருக்கு மேல் கூடலாகாது என்றும் விதிக்கப்பட்டது. மாறாகத் தென்புலப் பண்ணைகளில் பகல் முழுதும் ஆண்டையின் வேலைக்கு உரியதாகையால் அடக்கம் பெரும்பாலும் இரவில், தீப்பந்த ஒளியில், பாடலோடு நிகழ்ந்தது. அடக்கப் பிரசங்கம் சில வேளைகளில் பல மாதங்கள் கழித்தே நடைபெறும். இறந்தவர் இறுதியாகப் பயன்படுத்திய கலமும் கோப்பையும் உடைத்துக் கல்லறைமேல் வைக்கப்பட்டன. நியூயார்க்கில் மறக்கப்பட்டுக் கட்டடங்களுக்கு அடியில் கிடந்த ஆப்பிரிக்கர் இடுகாடு 1991இல் வெளிப்பட்டது. அங்கே தோண்டி எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்கள் 2003இல் மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. இறந்த அடிமைக்கு உரிய மரியாதை இத்துணைக் காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவற்றால் நாம் அறிவது ஒன்று. அடிமைக்கு மரணம் என்பது உயிர் பிரிதல் பற்றிய வினா மட்டுமன்று. நான் யாருக்குச் சொந்தம் என்ற வினாவும் ஆகும்.

ஆண்டையின் செவியும் டக்ளஸின் மறுப்பும்

ஞானப்பாடல்களுக்கு முதலில் பொருள் சொன்னவர்கள் ஆண்டைகளே. பாடுகிறவன் மகிழ்ந்திருக்கிறான்; பரலோகத்தைப் பாடுகிறவன் தன் நிலையில் அமைதி கொண்டுள்ளான் என்று அவர்கள் கருதினர். இக்கருத்தை வடமாநிலத்தாரிலும் பலர் நம்பினர். 1838இல் அடிமைத்தளையினின்று தப்பிய டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதனைக் கடுமையாக மறுத்தார். அப்பாடல்கள் மகிழ்ச்சியின் அடையாளமல்ல, துயரத்தின் குரல் என்றும், அடிமை முறையின் கொடுமையைத் தாம் முதன்முதல் உணர்ந்தது அப்பாடல்களாலேயே என்றும் அவர் சான்று பகர்ந்தார். அவர் கூற்று பொருள்கோளுக்கு ஓர் அடிப்படை விதியைத் தருகிறது. பாடலின் பொருளைக் கேட்பவனின் வசதி தீர்மானிக்கலாகாது.

மறைமொழி விளக்கம்

இரண்டாம் விளக்கத்திற்கும் டக்ளஸே வித்திட்டார். 1836இல் தாமும் தோழரும் தப்பியோடத் திட்டமிட்டிருந்த நாள்களில், கானானைப் பற்றித் தாங்கள் பாடிய பாடல் வடபுலத்தையே குறித்தது என்று 1855இல் எழுதினார். அதே இடத்தில் அவர் மேலும் ஒன்று கூறுகிறார். மறுவுலகு செல்லும் அழைப்பைப் பாடும் ஒரு பாடல் சிலர் வாயில் மரணத்தையே குறித்தது. தம் தோழர் வாயிலோ அது விடுதலை நாட்டுக்குச் செல்லும் பயணத்தைக் குறித்தது. பாடல் ஒன்றே; பாடியவர் நிலைக்கேற்பப் பொருள் இரண்டு. இச்சான்றுக்கு நாம் மீண்டும் வருவோம்.

1849இல் தப்பி, பின்னர் பலமுறை திரும்பிச் சென்று ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்த ஹேரியட் டப்மன், தம் புறப்பாட்டை உற்றாருக்குப் பாடலால் உணர்த்தியதாக 1869இல் வெளிவந்த அவரது வரலாறு கூறுகிறது. ஹிகின்சன் தரும் சான்றும் குறிப்பிடத்தக்கது. போர் தொடங்கிய காலத்தில் தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் நகரில், ஆண்டவர் விரைவில் விடுவிப்பார் எனும் கருத்துடைய பாடலைப் பாடியதற்காகக் கறுப்பின மக்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்டவர் என்பது வடபுலப் படையைக் குறிப்பதாக அதிகாரிகள் எண்ணினர் என்று ஒரு முரசடிக்கும் சிறுவன் அவருக்கு விளக்கினான். ஆண்டைகளும் சில வேளைகளில் பாடலின் உட்பொருளைப் புரிந்துகொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

பின்வந்தோர் இவ்விளக்கத்தை எல்லாப் பாடல்களுக்கும் விரித்தனர். யோர்தான் என்றால் ஒஹையோ ஆறு. பரலோகம் என்றால் கனடா. இரதம் என்றால் தப்பியோடுவோருக்கு உதவிய இரகசிய அமைப்பு என அகராதி போல் பொருள் வகுத்தனர். இங்கே வரலாற்று மாணவர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். வழிகாட்டும் விண்மீன்களைச் சொல்லி அடிமைகளை வடக்கே அனுப்பியதாகப் புகழ்பெற்ற 'சுரைக்குடுக்கை'ப் பாடல் முதன்முதல் அச்சேறியது 1928இல்தான். இரதத்தைப் பாடும் மிகப் புகழ்பெற்ற பாடலை இயற்றியவராகக் கூறப்படும் வாலிஸ் வில்லிஸ், ஒஹையோ ஆற்றுக்கு வெகு தொலைவில், இன்றைய ஓக்லஹோமாவில், சாக்டா இனத்தார் ஒருவருக்கு அடிமையாய் இருந்தவர். மேலும் கல்லறை ஓரத்தில் தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு யோர்தானைப் பாடிய தாய், ஒஹையோ ஆற்றை நினைத்துப் பாடினாள் என்பது பொருந்துமா? மறைமொழி விளக்கம் அம்மக்களின் வீரத்தைப் போற்றுகிறது. ஆயின் அவர்களுடைய துக்கத்தைப் பறித்துக்கொள்கிறது.

ஈடுசெய்யும் சமயம் என்ற விளக்கம்

மூன்றாவது விளக்கம் நாம் முதலில் குறிப்பிட்ட குற்றச்சாட்டே. 1938இல் பெஞ்சமின் மேஸ் என்னும் கறுப்பின இறையியலார், தம் மக்களின் இலக்கியத்தில் இறைவனைப் பற்றிய கருத்துகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஞானப்பாடல்களில் வரும் இறைக் கருத்துகள் பெரும்பாலும் இம்மையின் இழப்பை மறுமையில் ஈடுசெய்யும் தன்மையுடையன. அவை சமுதாய மாற்றத்திற்குத் தூண்டுவதில்லை என்பது அவர் முடிவு. மேஸ் சமயத்தின் பகைவர் அல்லர். அடிமைகளாய்ப் பிறந்த பெற்றோரின் மகன். பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசானாக விளங்கியவர். அவரது திறனாய்வை அன்புள்ள திறனாய்வு என்றே கொள்ளல் வேண்டும்.

சமயத்தை மக்களின் அபினி எனக் கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதியது இவ்விளக்கத்திற்குத் துணையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. சமயத் துயரம் உண்மைத் துயரத்தின் வெளிப்பாடும் அதற்கு எதிரான கண்டனமும் ஆகும் என்று அதே இடத்தில் அவர் கூறியிருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆற்றுதலும் கண்டனமும் ஒரே பாடலில் இருக்கக்கூடும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஹவர்ட் தர்மனின் விளக்கம்

நான்காம் விளக்கத்தின் வரலாறு நம் மண்ணையும் தொடுகிறது. ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹவர்ட் தர்மன், 1935–36இல் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் நல்லெண்ணத் தூதுக்குழுவின் தலைவராகத் தம் துணைவியார் சூ பெய்லி தர்மனுடனும் மற்றுமொரு தம்பதியருடனும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்பில் சட்டக் கல்லூரியில் அவர் உரையாற்றியபின், ஒருவர் அவரைத் தனியே அழைத்து வினவினார். உம் முன்னோரைப் பிடித்துச் சென்று விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். புகழ்பெற்ற கீர்த்தனை ஆசிரியர் ஒருவரே அடிமை வாணிபம் செய்தவர். அப்படியிருக்க நீர் எங்ஙனம் கிறிஸ்தவராய் இருக்கிறீர் என்பது அவர் வினாவின் கருத்து. அக்கீர்த்தனை ஆசிரியர் ஜான் நியூட்டன். 1754 வரை அடிமைக் கப்பல்களில் கடலோடிய அவர், 1788இல்தான் அவ்வாணிபத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். 1949இல் தர்மன் வெளியிட்ட 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' எனப் பொருள்படும் நூல் இவ்வினாவை முன்வைத்தே தொடங்குகிறது.

1936 பிப்ரவரியில் பர்தோலியில் இக்குழுவினர் காந்தியடிகளைச் சந்தித்தனர். அடிமைகள் வரலாற்றைப் பற்றி வினாமேல் வினாத் தொடுத்த காந்தியடிகள், ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட காட்சியைப் பாடும் ஞானப்பாடலைப் பாடுமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டார். ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் மரணப் பாடல், விடுதலைக்காகப் போராடிய மற்றொரு மக்களின் தலைவர் முன் அவர் விருப்பத்தின்படி ஒலித்தது. அதனை மறுமை மயக்கம் என்று அவர் கருதவில்லை என்பது தெளிவு.

தர்மனின் பாட்டியார் அடிமையாயிருந்தவர். ஆண்டையின் போதகர், வேலைக்காரர் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பவுலடியாரின் மொழியையே எப்போதும் பிரசங்கித்தார். ஆகையால் பவுலின் நிருபங்களைத் தமக்கு வாசித்துக் காட்டப் பேரனை அவர் பெரும்பாலும் அனுமதிக்கவில்லை. அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13 மட்டும் விலக்கு. அடிமைகளுக்குள்ளேயே இருந்த ஒரு பிரசங்கியாரோ, நீங்கள் அடிமைகள் அல்லர், இறைவனின் பிள்ளைகள் என்று கூறித் தம் பிரசங்கத்தை முடிப்பார் என்பதையும் பாட்டியார் நினைவுகூர்வார். ஆண்டையின் போதகர் நீ யாருக்குச் சொந்தம் என்ற வினாவுக்கு ஒரு விடை தந்தார். அடிமைகளின் பிரசங்கியார் வேறு விடை தந்தார்.

இப்பின்னணியோடு தர்மன் 1947இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், அழியா வாழ்வு பற்றிய இங்கர்சால் சொற்பொழிவை நிகழ்த்தினார். ஞானப்பாடல்கள் வாழ்வையும் மரணத்தையும் பற்றிக் கூறுவனவே அவர் பொருள். அடிமைக்கு மரணம் தொலைவிலிருந்த கருத்தன்று. வீட்டிலேயே நிகழ்ந்து, உறவினர் கையாலேயே குளிப்பாட்டப்பட்டுக் கிடத்தப்பட்ட கண்கூடான உண்மை. ஆயினும் அதனை வாழ்வின் மிகப் பெருந்தீங்காக அவர்கள் பாடவில்லை. மரணத்தைவிடக் கொடியது உண்டு. தன்னைத் தானே இழிவாக ஏற்றுக்கொள்வதே அது. மரணம் எல்லாவற்றுக்கும் முடிவு என்றால் ஆண்டையின் அதிகாரமே இறுதி அதிகாரம் ஆகும். மரணம் முடிவன்று என்றால் அவ்வதிகாரத்திற்கு எல்லை உண்டு. தர்மனின் சிந்தனையின் சாரத்தை நாம் இவ்வாறு சுருக்கலாம்.

1972இல் ஜேம்ஸ் கோன் இச்சிந்தனையை மேலும் வளர்த்தார். கறுப்பின விடுதலை இறையியலின் முன்னோடியான அவர் ஞானப்பாடல்களில் பரலோகம் என்பதன் பொருளை விரிவாக ஆராய்ந்தார். அது சில வேளைகளில் வடபுலத்தையும் கனடாவையும் ஆப்பிரிக்காவையும் குறித்தது உண்மை. ஆயினும் அவற்றோடு அது முடிந்துவிடவில்லை. தப்பியோட முடியாத பெரும்பான்மையினருக்கும், தப்பியோடிப் பிடிபட்டோருக்கும் அது பொருள் தந்தது. எதிர்காலம் இறைவனுடையது என்ற நம்பிக்கையே நிகழ்காலத்தை ஏற்க மறுக்கும் ஆற்றலைத் தந்தது என்பது அவர் கருத்து.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தது

இவ்விளக்கங்களுள் எது பொருந்தும் என்று அறிய வரலாறே ஓர் உரைகல் தருகிறது. மறுகரையில் தாயைச் சந்திப்பதைப் பாடியவர்கள் 1865இல் விடுதலை பெற்றனர். பாடல் வெறும் மறுமை மயக்கமாயின், அவர்கள் பாடிக்கொண்டு காத்திருந்திருப்பர். அவர்கள் செய்தது யாது?

அவர்கள் தேடப் புறப்பட்டனர். விற்கப்பட்ட கணவனையும் பிள்ளையையும் தேடி நெடுந்தொலைவு நடந்தனர். கறுப்பினத் திருச்சபைகளின் இதழ்களில் பல்லாண்டுகள் அறிவிப்புகள் வெளியிட்டனர். நியூ ஆர்லியன்சில் வெளியான மெதடிஸ்து வார இதழொன்று 1880களில் காணாமற்போன உற்றாருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, அதனைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்குமாறு போதகர்களைக் கேட்டுக்கொண்டது. தாயின் பெயர், ஆண்டையின் பெயர், விற்கப்பட்ட ஊர், அப்போது தன் வயது ஆகிய விவரங்களே அவ்வறிவிப்புகள். விடுதலைக்குப்பின் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தும் அவை நின்றபாடில்லை.

இதிலிருந்து நாம் காண்பது யாது? பரலோகத்தில் தாயைக் காண்பேன் என்று பாடியவன் பூமியில் அவளை மறந்துவிடவில்லை. தாய் இவள், மகன் இவன் என்ற உறவை ஏலமேடை அழித்துவிட்டது என்பதை அவன் ஏற்கவில்லை. பாடல் அவ்வுறவைக் காத்து வைத்தது. வழி திறந்தபோது அவன் அதே உறவைத் தேடி நடந்தான். தேடியும் காணாதவர்கள் மீண்டும் அதே பாடலைப் பாடினர். அவர்களுக்கு வேறு எந்த விளக்கமும் போதாது. துயரப் பாடல்களைப் பற்றி 1903இல் எழுதிய டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ், அவற்றில் தாயும் சேயும் பாடப்படுவதையும் தந்தை அரிதாகவே வருவதையும் கவனித்தார். தந்தையரைப் பிரித்து விற்ற ஒரு முறையின் தழும்பு பாடலிலும் பதிந்துள்ளது.

இன்னொரு சான்று. 1963 ஆகஸ்டு 28 அன்று வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் தம் உரையை முடித்தபோது, இறுதியில் கிட்டிய விடுதலையைப் பாடும் ஒரு பழைய ஞானப்பாடலை எடுத்தாண்டார். அப்பாடல் முதற்கண் இறந்து இறைவனைச் சேர்வோரின் பாடல். கிங் அதனை உயிரோடிருப்போரின் அரசியல் உரிமைக்குப் பாடினார். 1968 ஏப்ரல் 4இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபின், அதே சொற்கள் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டன. ஐந்தாண்டுக்குள் அப்பாடல் கல்லறையிலிருந்து வீதிக்கு வந்து, வீதியிலிருந்து கல்லறைக்குத் திரும்பிற்று. இவற்றுள் ஒன்றே அதன் மெய்ப்பொருள் என்று எவர் துணிந்து கூறுவார்? சிலர் வாயில் மரணம், எங்கள் வாயில் பயணம் என்று டக்ளஸ் அன்று கூறியது இங்கும் உண்மையாயிற்று.

முடிவுரை

நாம் ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம். மரணத்தையும் மறுமையையும் பாடும் பாடல் தன்னளவில் மயக்க மருந்தும் அன்று, போர்முரசும் அன்று. யார் பாடினர், யாருக்கு எதிராகப் பாடினர், எந்தப் பிணத்தருகே நின்று பாடினர், பாடிய பின் என் செய்தனர் ஆகிய நான்கையும் கேளாமல் அதற்குப் பொருள் கூற இயலாது. ஆண்டை தன் அடிமைக்குக் கற்பிக்கும் பரலோகமும், அடிமை இரவில் தன் பிள்ளையைப் புதைத்துப் பாடும் பரலோகமும் பெயரால் ஒன்றாயினும் பொருளால் ஒன்றல்ல. முன்னது ஆண்டையின் உரிமையைக் காக்கிறது. பின்னது, இப்பிள்ளை எவன் கணக்கேட்டிலும் எழுதப்பட்ட பொருளன்று, இறைவனுக்குச் சொந்தம் என்று அறிக்கையிடுகிறது. பிழைத்தாலும் மரித்தாலும் நாம் கர்த்தருடையவர்கள் என்ற ரோமர் 14:8இன் போதனையை, எழுத்தறியா அம்மக்கள் தம் உடலால் கற்றிருந்தனர்.

நம் சபைகளிலும் போதகருக்கு அடக்க ஆராதனை அடிக்கடி வரும் பணி. அங்கே பாடப்படும் பாடலைக் குறித்து நாம் இரு தவறுகளைச் செய்யக்கூடும். கூலியின்றி உழைத்து, மருந்தின்றி இறந்த ஒருவரின் பெட்டியருகே, எல்லாம் அங்கே சரியாகிவிடும் என்று மட்டும் கூறி, இங்கே நடந்ததைப் பேசாது விடுவது ஒன்று. அது ஆண்டையின் போதகர் செய்த பிழை. சமுதாய நோக்குடையோர் என்ற பெயரில், அழுகின்ற தாயிடமிருந்து அவள் பாடலைப் பறித்து, பரலோகத்தை விடு, போராட வா என்று கூறுவது மற்றொன்று. அவளிடம் எஞ்சியிருப்பது அப்பாடலே என்பதையும், தன் பிள்ளையின் வாழ்வு மதிப்புடையது என்று அவள் அதன்வழியே சான்று கூறுகிறாள் என்பதையும் இத்தகையோர் காண்பதில்லை.

இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி எளிதன்று, ஆயினும் தெளிவானது. அவளோடு சேர்ந்து அப்பாடலை முழுமையாகப் பாடுவோம். பின்னர், நியூ ஆர்லியன்ஸ் இதழ் அன்று போதகர்களிடம் கேட்டுக்கொண்டது போல, இழந்தோர் பெயர்களையும் இழப்பின் காரணங்களையும் பிரசங்க பீடத்திலிருந்தே சபையார் கேட்க வாசிப்போம்.